‘டெஃபனிங்லி’: எங்கள் காதுகளில் இன்னும் ஒலிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்

போர் பற்றிய ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். மனித உரிமை நிறுவனங்களின் பழைய ஆவணங்கள், வெளிநாட்டு நிருபர்களின் குறிப்புகள், நினைவுக் கட்டுரைகள் என்று பலவும் அதில் அடங்கும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘டெஃபனிங்லி’. எறிகணை விழுந்தாலும் விமானம் தாழப் பறந்தாலும் அந்தச் சத்தத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் கை இந்தச் சொல்லிடம்தான் போகிறது.

அகராதியைத் திறந்தால் ‘மிக மிகச் சத்தமாக’ என்று பொருள் போட்டிருக்கும். ஆனால் அந்தச் சொல் உண்மையில் சொல்வது அதைவிடப் பெரிய விடயம். அது எங்கிருந்து வந்தது, எதனால் செய்யப்பட்டது என்று பார்த்துக்கொண்டு போனால், யாழ்ப்பாணத்தில் அநேகமாக யாரும் பேசாத ஒரு காயத்தின் முன் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

இந்தச் சொல்லில் நான்கு துண்டுகள் இருக்கின்றன. முதல் துண்டு ‘டெஃப்’, அதாவது செவிடு. இரண்டாவது ‘என்’. ‘பிளாக்’ என்றால் கறுப்பு, ‘பிளாக்கன்’ என்றால் கறுப்பாக்கு. அதேபோல ‘டெஃப்’ உடன் இந்த ஒட்டுச் சேர்ந்தால் செவிடாக்கு என்ற வினை பிறக்கும். மூன்றாவது துண்டான ‘இங்’ அதைச் ‘செவிடாக்குகின்ற’ என்று மாற்றுகிறது. கடைசியில் நிற்பது ‘லி’. உடல், உருவம் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்த ஒரு சொல்லில் இருந்து வந்த விகுதி அது. எங்கள் ‘வண்ணம்’ செய்யும் வேலையை அது செய்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் ‘செவிடாக்குகின்ற வண்ணம்’ என்று வரும்.

இதில் ‘டெஃப்’ மிகப் பழைய சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்திலேயே அது இருந்தது. ஜேர்மன் மொழியில் ‘டௌப்’, டச்சு மொழியில் ‘டோஃப்’ என்று அதன் சகோதரச் சொற்கள் இன்றும் வழங்குகின்றன. ஜேர்மனில் அந்தச் சொல்லுக்குச் செவிடு என்ற பொருளோடு மரத்துப்போன என்ற பொருளும் உண்டு. உள்ளே பருப்பில்லாத கொட்டையையும் அதே சொல்லால் குறிப்பார்கள். நாங்கள் நெல்லில் பதர் என்பது போல, வெளியே முழுதாகத் தெரிந்து உள்ளே வெறுமையாக இருப்பது.

இன்னும் பின்னால் போனால், புகை, தூசு, மங்கல் என்ற பொருள் கொண்ட ஒரு மூலத்தில் இருந்து இந்தச் சொற்கள் வந்ததாக மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். குருடு என்ற பொருளில் பழைய கிரேக்கத்தில் உள்ள ‘டிஃப்லோஸ்’ என்ற சொல்லையும் அதே மூலத்தோடு சேர்ப்பார்கள். அந்தப் பழைய மக்களின் கண்ணில், காது கேளாமை என்பது புலனுக்கும் உலகத்துக்கும் நடுவே புகை மூடுவது போன்றது.

செவிடாக்கு என்று பொருள்படும் ‘டெஃபன்’ என்ற வினை 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் வருகிறது. அதே காலத்தில் சேக்ஸ்பியர் எழுதிய ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ‘டெஃபனிங்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். நித்திரை வராமல் தவிக்கும் அரசன், புயலில் ஆடும் பாய்மரத்தின் உச்சியில் ஒரு கப்பல் பொடியனால் நித்திரை கொள்ள முடிகிறதே, என்னால் முடியவில்லையே என்று வருந்தும் இடம் அது. அந்தப் புயலின் இரைச்சலைச் சொல்லத்தான் இந்தச் சொல் வருகிறது. பங்கருக்குள் நித்திரையான பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்த தாய்மாருக்கு அந்த அரசனை விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சத்தமான என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சாதாரணச் சொல் ‘லௌட்’. அதன் ஆதிப்பொருள் ‘கேட்கப்பட்டது’. சமஸ்கிருதத்தின் ‘ஸ்ருதி’யும் அதே மூலத்தில் பிறந்ததுதான். நாதஸ்வரக்காரர் சேர்க்கிற சுருதியும் ஆங்கிலத்தின் ‘லௌட்’டும் தூரத்து உறவு. ‘லௌட்’ என்பது காதுக்கு எட்டிய ஒலி. ‘டெஃபனிங்லி’ என்பது இனிக் கேட்கவே முடியாமல் செய்யும் ஒலி. இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஒரு மனிதக் காது பறிபோகிறது.

நாங்கள் எப்படிச் சொல்கிறோம்

தமிழிலும் இதே வழி இருக்கிறது. ‘காது செவிடுபட’, ‘காதைப் பிளக்க’, ‘காதடைக்க’ என்கிறோம். செவிடு என்ற சொல்லே செவி என்பதோடு ஒட்டிப் பிறந்தது. காதடைப்பு என்பது சத்தத்துக்கு மட்டும் உரியதுமல்ல. பசியிலும் காது அடைக்கும் என்பார்கள். உணவுத் தடை இருந்த நாட்களில் எங்கள் ஊரில் இரண்டு அடைப்பும் ஒன்றாகவே இருந்தன.

ஆனால் தமிழன் சத்தத்தைச் சொல்ல முதலில் எடுப்பது வேறு வழி. சத்தத்தையே சொல்லாக்கி ‘எண்டு’ சேர்த்துவிடுவான். படாரெண்டு, டமாரெண்டு, தொம்மெண்டு, கீயெண்டு. ஆங்கிலச் சொல் சத்தத்தால் விளைந்த சேதத்தைச் சொல்கிறது. எங்கள் ஒலிக்குறிப்புச் சொல் சத்தத்தையே திருப்பிச் செய்து காட்டுகிறது.

போர் இந்தப் பழக்கத்தை ஒரு அறிவாக மாற்றியது. 1980களின் நடுவில் இருந்து யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் சத்தங்களைப் பிரித்தறியத் தெரியும். கோட்டையில் இருந்தோ பலாலியில் இருந்தோ செல் ‘குத்துற’ சத்தம் வேறு, அது கூவிக்கொண்டு வரும் சத்தம் வேறு, விழுந்து வெடிக்கும் சத்தம் வேறு. குத்திய சத்தம் கேட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவோம். ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும் என்பதைப் பாடசாலையில் படிப்பதற்கு முன்பே, அந்தக் கணக்கை எங்கள் உடம்பு பழகியிருந்தது.

விமானங்களும் அப்படித்தான். பொம்பர், சகடை, புக்காரா, பிறகு கிபிர். கிபிர் இஸ்ரேலில் செய்யப்பட்டது. 1996 இல் இலங்கை விமானப்படைக்கு வந்தது. எபிரேய மொழியில் அந்தப் பெயருக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். எங்களுக்கு அது ஒரு சத்தத்தின் பெயர். வேகமாக வரும் விமானத்தின் சத்தம் அதற்குப் பின்னால் இழுபட்டுத்தான் வரும். சத்தத்தைக் கேட்டு அண்ணாந்து பார்த்தால், விமானம் அந்த இடத்தில் இராது. ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் ‘வண்டு’. இன்று உலகம் முழுவதும் சொல்லும் ‘ட்ரோன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் ஆண் தேனீ, அதன் ரீங்காரம் என்பதுதான்.

காதுக்குள் நடப்பது

‘செவிடாக்குகின்ற வண்ணம்’ என்பது எப்போது மிகைப்படுத்தல், எப்போது வெறும் உண்மை? இதற்கு அளவு இருக்கிறது.

ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். 10 டெசிபல் கூடினால் ஒலியின் வலு பத்து மடங்காகும். சாதாரணமாகக் கதைப்பது ஏறத்தாழ 60 டெசிபல். தொழிலிடங்களில் 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் நிற்பதே பாதுகாப்பின் எல்லை. 100 டெசிபல் என்றால் அந்த எல்லை 15 நிமிடமாகச் சுருங்கிவிடும். வெடியோசை போன்ற திடீர்ச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டினால், ஒரேயொரு தடவை கேட்டாலும் காது நிரந்தரமாகப் பழுதடையலாம். பீரங்கி ஒன்றின் அருகில் அது 170 டெசிபலையும் தாண்டும்.

வெடிக்கும் இடத்துக்குக் கிட்ட வருவது வெறும் சத்தமல்ல, அமுக்க அலை. வளிமண்டல அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு திடீரென மேலதிகமாக ஏறினாலே செவிப்பறை கிழியத் தொடங்கும். நுரையீரல் பாதிக்கப்பட அதைவிடக் கூடிய அமுக்கம் வேண்டும். அதனால், ஒரு சன்னமும் படாத ஆளுக்கும் முதலில் அடிவாங்கும் உறுப்பு காது. காதுக்குள் ஒரு சிறிய தசை இருக்கிறது. பெரிய சத்தம் வந்தால் அது இறுகி உட்காதைக் காக்கப் பார்க்கும். ஆனால் அது இறுகி முடிப்பதற்கு ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு வரை பிடிக்கலாம். வெடியலை சில மில்லிசெக்கன்களில் கடந்துவிடும். இயற்கை எங்களுக்குத் தந்த காவல் இடிமுழக்கத்துக்குப் போதும், எறிகணைக்குப் போதாது.

செல்லடிக்குக் குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். காது பொத்தியதன் காரணம் இதுதான். ஆனால் குழந்தையைத் தூக்கியிருந்த தாய்க்கும், முதியவரைத் தாங்கிப் பிடித்திருந்த மகனுக்கும் காதைப் பொத்தக் கை இருக்கவில்லை.

கிழிந்த செவிப்பறை பல வேளைகளில் தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். உட்காதில், நத்தைச் சுருளுக்குள் இருக்கும் மயிர்க்கலங்களின் கதை வேறு. ஒரு காதில் அவை ஏறத்தாழ 15,000 தான். மனிதரில் அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரிய சத்தத்துக்கு முதலில் பலியாவது உயர் மீடிறன் ஒலிகளை, குறிப்பாக 4,000 ஹேர்ட்ஸ் அளவிலான ஒலிகளைப் பிடிக்கும் கலங்கள். பேச்சில் ச, த, ப போன்ற மெய்யொலிகளை ஒன்றில் இருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான பகுதிகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. உயிரொலிகள் தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் தப்பிவிடும்.

‘கேக்குது, விளங்கேல்லை’

இதன் விளைவு என்ன என்பதை என் பெரியம்மா எந்த விஞ்ஞானமும் படிக்காமல் சரியாகச் சொல்வார். “கதைக்கிறது கேக்குது பிள்ளை, என்னெண்டுதான் விளங்கேல்லை.”

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவை இதை வாசிக்கும் பலர் நடந்திருப்பீர்கள். அதற்கு முந்திய நாட்களில் பெரியம்மாவின் வளவுக்குள் ஒரு செல் விழுந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. இரண்டு நாள் காது அடைத்திருந்தது, பிறகு திறந்துவிட்டது என்றுதான் வீட்டில் சொன்னார்கள். இடது காதுக்குள் ‘கீ’ என்று ஒரு வண்டு கத்துவது மட்டும் நிற்கவில்லை. இன்றும் நிற்கவில்லை. வைத்தியர்கள் இதை ‘டினிட்டஸ்’ என்பார்கள். மணி ஒலித்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். நாங்கள் காதிரைச்சல் என்கிறோம்.

அவருடைய மகன் கனடாவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு வரும். “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் தொலைபேசியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அம்மாவுக்குத் தன்னோடு கதைக்க விருப்பமில்லையோ என்று மகன் ஒருமுறை கேட்டான். சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஏறத்தாழ 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். காதில் ஏற்கனவே போன பகுதியைத் தொலைபேசியும் சேர்த்து வெட்டிவிடுகிறது. முகம் தெரியும் வீடியோ அழைப்புக்கு மாறிய பின், வாயசைவைப் பார்த்துக்கொண்டு அவர் கொஞ்சம் கூடுதலாகக் கதைக்கிறார்.

எங்கள் வீடுகளில் இப்படி எத்தனை பேர்? தொலைக்காட்சியைக் கூட்டி வைப்பவர், கலியாண வீட்டில் ஒரு மூலையில் தனியே இருப்பவர், கேட்டதற்கு வேறொன்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகுபவர். “வயசு போனால் காது கேளாதுதானே” என்று கடந்துவிடுகிறோம். வயதாலும் காது மந்தமாகும், உண்மைதான். ஆனால் 1987 இல் வடமராட்சியில், 1990 இல் கோட்டையைச் சுற்றிய தெருக்களில், 1995 இல் நவாலியில், 2000 இல் தென்மராட்சியில், 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்த ஒருவரின் காதை, குண்டுச் சத்தமே கேட்காத ஒருவரின் காதோடு வைத்து அப்படிக் கணக்கிட முடியாது.

எண்ணப்பட்ட காதுகளும் எண்ணப்படாத காதுகளும்

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான திணைக்களம், சேவையால் ஏற்பட்ட பாதிப்புகளுக்கு நட்டஈடு கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் ஆண்டுக்கணக்காக முன்னணியில் நிற்பது இழந்த கையோ காலோ அல்ல, காதிரைச்சல். 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதற்காகப் பணம் பெறுகிறார்கள். கேள்திறன் இழப்பும் அதே பட்டியலின் முன்வரிசையில் இருக்கிறது. குண்டை ஏவியவர்களின் காதுக்கு என்ன நடந்தது என்று அங்கே எண்ணியிருக்கிறார்கள்.

குண்டு விழுந்த பக்கத்தில் இருந்த குடிமக்களின் காது அப்படி எண்ணப்படுவது அரிது. கையோ காலோ கண்ணோ போனால் ஊருக்குத் தெரியும். காதின் காயம் வெளியில் தெரியாது. பாதிக்கப்பட்டவருக்கே அது காயம் என்று தெரியாது. மெல்ல மெல்ல ஆட்கள் விலகிப்போவது மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் அந்த ஆங்கிலச் சொல் மீண்டும் முக்கியமாகிறது. நானூறு ஆண்டுப் பாவனையில் அது தேய்ந்துவிட்டது. இன்று இசை நிகழ்ச்சிக்கும் கிரிக்கெட் மைதானத்துக்கும் ‘டெஃபனிங்லி’ போடுகிறார்கள். பேச வேண்டியவர் பேசாமல் இருப்பதைக் கண்டிக்க, ஆங்கிலத்தில் ‘செவிடாக்கும் மௌனம்’ என்றும் எழுதுகிறார்கள். அதை அப்படியே தமிழாக்கி எங்கள் ஆசிரியர் தலையங்கங்களிலும் போடுகிறோம். ‘காதைப் பிளக்கும்’ என்ற எங்கள் தொடரும் அப்படித்தான். திருவிழா வாணவேடிக்கைக்கும் அது வருகிறது, எறிகணைக்கும் அது வருகிறது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு பொருள்தான் மிஞ்சுகிறது.

சொற்கள் தேய்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் போர் அனுபவத்தைப் பதிவு செய்யும் என் போன்றவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் “காது செவிடுபட வெடிச்சது” என்று சொன்னால், அதை அலங்காரமாக எழுதிவிட்டு நகராமல், “அதுக்குப் பிறகு காது எப்படி இருக்கு?” என்று ஒரு கேள்வி கேட்கலாம். நான் இப்போது கேட்கிறேன். எதிர்பார்த்ததைவிட நீண்ட பதில்கள் வருகின்றன. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் சில விடயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்று சொல்பவரிடம் கத்திக் கதைப்பதில் பயனில்லை. கத்தினால் உயிரொலிகள்தான் பெருக்கும், அவருக்குத் தேவையான மெய்யொலிகள் தெளிவடையாது. முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, கொஞ்சம் ஆறுதலாகக் கதையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கதையுங்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்துப் போய் என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். அன்று கிழிந்து இன்றும் மூடாமல் இருக்கும் செவிப்பறையை இப்போதும் சரிசெய்ய வாய்ப்புண்டு. செத்த மயிர்க்கலங்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றாலும், எந்தெந்த ஒலிகள் போயின என்று அளந்து அதற்கேற்பக் கேட்டல் கருவியைச் சீர்செய்யலாம். காதிரைச்சலை முற்றாக நிறுத்தும் மருந்து இல்லை. ஆனால் கேட்டல் கருவியாலும் ஆலோசனையாலும் அதன் தொல்லை பலருக்குக் குறைகிறது. ஒரு காது திடீரென ஒரே நாளில் கேளாமற் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அதற்குரிய சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும்.

ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 3 ஆம் திகதியை உலகக் கேட்டல் தினமாக உலக சுகாதார நிறுவனம் கடைப்பிடிக்கிறது. உலகில் 43 கோடிப் பேர் சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்குக் கேள்திறனை இழந்திருக்கிறார்கள் என்று அதன் 2021 ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அந்தத் தொகைக்குள் எங்கள் ஆட்கள் எத்தனை பேர், அவர்களில் போரால் இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்தால்தான் சொல்லலாம். வடக்கு மாகாண சுகாதாரத் துறையும் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் நினைத்தால் செய்யக்கூடிய வேலை அது. அது நடக்கும்வரை, அடுத்த முறை வீட்டில் யாராவது “என்ன சொன்னனீ?” என்று இரண்டாம் தரம் கேட்டால், சலித்துக்கொள்ளாமல் திரும்பச் சொல்லுங்கள். பிறகு, செல்லடிக் காலத்தில் எங்கே இருந்தார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.